மெதுவாகப் போவது குற்றமா?

வார இறுதி நாள்களில் கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே செக்கிஞ்சானை நோக்கிச் செல்லும் சாலையில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். செம்பனைக் குலைகளை உயரமாக ஏற்றிய லாரி ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். அதன் பின்னால் பத்துப் பன்னிரண்டு மகிழுந்துகள் வரிசையாக ஊர்ந்து வரும். முதல் இரண்டு மகிழுந்துகளின் ஓட்டுநர்கள் பொறுமையாக இருப்பர். மூன்றாமவர் நடுக்கோட்டை ஒட்டி வந்து எட்டி எட்டிப் பார்ப்பார். நான்காமவர் ஒலிப்பானை அழுத்துவார். ஐந்தாமவர் இரட்டைக் கோட்டையும் பொருட்படுத்தாமல் எதிர்த்தடத்தில் பாய்வார்.

இந்தக் காட்சியில் தவறு செய்தவர் யார்? மெதுவாகச் சென்ற லாரி ஓட்டுநரா? பொறுமை இழந்து பாய்ந்தவரா? பெரும்பாலோர் ஐந்தாமவரையே குறை கூறுவர். ஆனால், வரிசையில் சிக்கிக்கொண்ட பலரும் மனத்துக்குள் லாரி ஓட்டுநரைத் திட்டியிருப்பர் என்பதையும் மறுக்க இயலாது. மெதுவாகச் செல்பவருக்கும் விரைந்து செல்ல விரும்புபவருக்கும் இடையே சாலையில் எத்தகைய பண்பு இருக்க வேண்டும்? நம் நாட்டில் நாம் பழகும் அந்தப் பண்பு அயல்நாட்டுச் சாலையில் நமக்கு எவ்வாறு கைகொடுக்கும்? இவற்றை இப்பகுதியில் காண்போம்.

மெதுவாகச் செல்வதற்கும் காரணம் உண்டு

ஜொகூரில் தொடங்கி மேற்குக் கரையோரமாகப் பேராக் வரை செல்லும் ஐந்தாம் கூட்டரசுச் சாலை, கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சபாக் பெர்ணம் ஆகிய ஊர்களை இணைக்கிறது. இப்பகுதியில் அச்சாலையின் பல இடங்களில் போவதற்கு ஒரு தடமும் வருவதற்கு ஒரு தடமும் மட்டுமே உள்ளன. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் ஆகிய வட்டாரங்களின் தோட்டச் சாலைகள் இதைவிடக் குறுகலானவை. ஆகவே, ஒருவர் மெதுவாகச் சென்றால் பின்னால் வரும் அனைவரும் மெதுவாகவே செல்ல வேண்டியுள்ளது.

இச்சாலைகள் சுற்றுப்பயணிகளுக்காக மட்டும் போடப்பட்டவை அல்ல. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அங்குச் செம்பனையைப் பயிரிட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் அமைந்தது வியப்பாக இருக்கலாம். அங்கு உழைத்த தமிழர்களின் மொழி அப்பெயரில் இன்றும் வாழ்கிறது. அன்று தொடங்கிய அந்தத் தொழில் இன்றும் இவ்வட்டாரத்தின் உயிர்நாடியாக உள்ளது.

வெட்டப்பட்ட செம்பனைக் குலையை நெடுநேரம் வைத்திருந்தால் எண்ணெயின் தரம் குறைந்துவிடும். எனவே, அதனை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்க முயல்வர். லாரிகள் ஓயாமல் சாலையில் ஓடுவதற்கு இதுவே காரணம். பாரம் ஏற்றிய லாரி திடீரென நிற்க இயலாது. வளைவில் விரைந்து திரும்பினால் குலைகள் சரியலாம், லாரியே கவிழலாம். கனரக வாகனங்களுக்கு மகிழுந்துகளைவிடக் குறைந்த வேக வரம்பு விதிக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். எனவே, அந்த லாரி ஓட்டுநர் மெதுவாகச் செல்வது சோம்பலால் அன்று. அது அவருடைய கடமை.

லாரியைத் தவிர வேறு பலரும் இச்சாலையில் மெதுவாகச் செல்கின்றனர். தோட்டத்தின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் செல்லும் டிராக்டர், தஞ்சோங் காராங்கிலும் செக்கிஞ்சானிலும் ஒரு வயலிலிருந்து மறுவயலுக்குச் செல்லும் நெல் அறுவடை இயந்திரம், விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தொழிலாளியின் பழைய மோட்டார் சைக்கிள், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரின் மகிழுந்து, அண்மையில் உரிமம் பெற்று 'பி' ஒட்டுவில்லையுடன் ஓட்டும் இளைஞரின் மகிழுந்து என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். அந்தி சாய்ந்ததும் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகளைக் காண வரும் வெளியூர்க் குடும்பங்களும் வழி தெரியாமல் ஒவ்வொரு சந்திப்பிலும் தயங்கித் தயங்கியே செல்வர்.

இவர்களுள் எவரும் நம்மை எரிச்சலூட்ட வேண்டும் என்று மெதுவாக ஓட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. பின்னால் இருக்கும் நமக்கு அந்தக் காரணம் தெரிவதில்லை. விளக்கு மட்டும்தான் தெரிகிறது.

இரண்டே கால் நிமிடக் கணக்கு

லாரியின் பின்னால் செல்வதால் நாம் இழக்கும் நேரம் எவ்வளவு? ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியின் பின்னால் 5 கிலோமீட்டர் தூரம் செல்ல வேண்டியுள்ளது என்று கொள்வோம். அதற்கு 6 நிமிடம் ஆகும். அதே தூரத்தை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 3 நிமிடம் 45 விநாடி ஆகும். இழப்பு 2 நிமிடம் 15 விநாடி. செக்கிஞ்சானில் மகிழுந்தை நிறுத்த இடம் தேடுவதற்கே இதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இனி, அந்த லாரியை முந்திச் செல்ல எவ்வளவு சாலை தேவைப்படும் என்று பார்ப்போம். லாரியின் நீளம், மகிழுந்தின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றைக் கூட்டினால் ஏறக்குறைய 55 மீட்டர் வரும். லாரியைவிட மணிக்கு 30 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் செல்லும் மகிழுந்து அந்த 55 மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 7 விநாடி ஆகும். அந்த 7 விநாடியில் மகிழுந்து சாலையில் 155 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் வந்தால் அதுவும் 175 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, முந்தத் தொடங்கும் நேரத்தில் கண்ணுக்கு எட்டியவரை குறைந்தது 330 மீட்டர் சாலை வெறுமையாக இருக்க வேண்டும். இது மூன்று காற்பந்துத் திடல்களின் நீளத்துக்குச் சமம். இதுவும் மயிரிழைக் கணக்குத்தான். பாதுகாப்புக்கு இன்னும் அதிகம் தேவை.

இரவில் இந்தக் கணக்கு மேலும் சிக்கலாகிறது. எதிரே தெரியும் ஒற்றை விளக்கு தொலைவில் வருகிறதா, அருகில் வருகிறதா என்று கணிப்பது கடினம். அது வேலை முடிந்து வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளாக இருக்கலாம். முந்துபவரின் கணிப்புத் தவறினால், இந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத அந்த மனிதர்தான் முதலில் அடிபடுவார். 2016-ஆம் ஆண்டில் மலேசியச் சாலை விபத்துகளில் 7,152 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்பது பழமொழி. சாலையில் அந்த ஆத்திரத்தின் விலையைப் பெரும்பாலும் வேறொருவர் செலுத்துகிறார்.

இரு பக்கக் கடமை

அப்படியானால், பொறுமை காப்பது பின்னால் வருபவரின் கடமை மட்டும்தானா? இல்லை. நமது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, கவனமின்றி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. சாலையைப் பயன்படுத்தும் பிறரைத் தக்கவாறு கருத்தில் கொள்ளாமல் ஓட்டுவதும் குற்றம் என்று அதே பிரிவு கூறுகிறது. பிறரை எண்ணிப் பார்ப்பது வெறும் நற்பண்பாக மட்டும் இல்லாமல் சட்டமாகவும் இருப்பதை இங்குக் காண்கிறோம். அந்தச் சட்டம் விரைந்து செல்பவருக்கும் மெதுவாகச் செல்பவருக்கும் பொதுவானது.

மெதுவாகச் செல்பவர் பின்புறக் கண்ணாடியை அடிக்கடி பார்க்க வேண்டும். பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டன என்று தெரிந்தால், பாதுகாப்பான ஓரம் வந்ததும் இடப்பக்கச் சமிக்ஞையைப் போட்டு ஒதுங்கி, அவற்றைப் போகவிட வேண்டும். பல தடங்கள் உள்ள நெடுஞ்சாலையில் இடத்தடத்திலேயே செல்ல வேண்டும். வலத்தடம் முந்துவதற்கு உரியது. அதில் உல்லாசமாக உலா வருவது பிறருக்கு இடையூறாகும். வழி தெரியாவிட்டால் சாலை நடுவில் திடீரென வேகத்தைக் குறைக்காமல், கடை வரிசை அல்லது எண்ணெய் நிலையம் ஒன்றில் நிறுத்திக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பின்னால் வருபவர் முன்செல்லும் வாகனத்திலிருந்து குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி விட வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 44 மீட்டர் ஆகும். ஒட்டிச் செல்வதால் முன்னால் செல்பவர் பதற்றம் அடைவாரே தவிர வேகமாகச் செல்லமாட்டார். மேலும், லாரியை ஒட்டிச் சென்றால் எதிரே வருவதும் நம் கண்ணுக்குத் தெரியாது. சற்று விலகிச் சென்றால்தான் சாலை தெரியும். இரட்டைக் கோடு உள்ள இடத்தில் முந்துவது சட்டப்படி குற்றம். பெருநாள் காலங்களில் கூட்டரசுச் சாலைகளின் வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டராகக் குறைக்கப்படுவதும் நினைவில் கொள்ளத்தக்கது. பலரும் பதற்றத்தோடு ஊர் திரும்பும் நாள்களில்தான் நிதானம் அதிகம் தேவைப்படுகிறது.

அயல்நாட்டில் நாமே மெதுவாகச் செல்பவர்கள்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பர். கோல சிலாங்கூரில் வெளியூர் மகிழுந்தைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர், அயல்நாட்டுக்குச் சென்று வாகனம் ஓட்டும்போது அவரே அந்த வெளியூர்க்காரர் ஆகிவிடுகிறார். சாலைப் பலகைகள் புதியவை, சந்திப்புகள் புதியவை, பழக்கமில்லாத வாடகை மகிழுந்து வேறு. அவருடைய வேகம் தானாகவே குறைந்துவிடும்.

அவ்வாறு குறைவது நல்லதே. சாமோவா என்னும் பசிபிக் தீவு நாட்டின் அனுபவம் இதனை உணர்த்தும். அந்நாடு 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் வலப்பக்கம் ஓட்டும் முறையிலிருந்து இடப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது. அப்போது அரசு பொது விடுமுறை அறிவித்து, வேக வரம்பையும் குறைத்தது. சாலை அனைவருக்கும் புதிதாகிவிட்டதால் அனைவரும் மெதுவாகச் செல்லட்டும் என்பதே அதன் நோக்கம். புதிய நாட்டில் ஓட்டுபவருக்கு ஒவ்வொரு நாளும் அத்தகைய நாள்தான்.

ஆயினும், மெதுவாகச் செல்பவர் வழிவிடவும் தெரிந்திருக்க வேண்டும். மலேசியர்கள் பலர் விடுமுறையில் மகிழுந்து ஓட்டிச் சுற்றிப் பார்க்கும் நாடு நியூசிலாந்து. அங்கும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகின்றனர். அங்குள்ள நெடுஞ்சாலைகளுள் பல, நம் ஐந்தாம் கூட்டரசுச் சாலையைப் போல் இருதடச் சாலைகளே. மலையையும் ஏரியையும் பார்த்து மயங்கி மெதுவாகச் செல்லும் பயணியின் பின்னால், பால் லாரியும் பள்ளிப் பேருந்தும் காத்திருக்கக்கூடும். பின்னால் வருவோருக்குத் தடையாக மெதுவாகச் செல்பவர், பாதுகாப்பான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று அந்நாட்டின் சாலை விதி கூறுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கு எண்ணிக்கையே வகுத்துள்ளது. முந்த இயலாத இருதடச் சாலையில் மெதுவாகச் செல்லும் வாகனத்தின் பின்னால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வாகனங்கள் சேர்ந்துவிட்டால், அது அடுத்த ஒதுங்குமிடத்தில் ஒதுங்கியே ஆக வேண்டும். ஜெர்மனியிலோ தகுந்த காரணமின்றி மிக மெதுவாக ஓட்டிப் போக்குவரத்தைத் தடுப்பது விதிமீறலாகும்.

இதன் மறுபக்கத்தை ஜப்பானில் காணலாம். அங்குப் புதிதாக உரிமம் பெற்றவர், மஞ்சளும் பச்சையும் கலந்த இளந்தளிர் போன்ற சின்னத்தைத் தம் மகிழுந்தில் ஒட்ட வேண்டும். 1972-ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் உள்ளது. அச்சின்னம் உள்ள வாகனத்தை நெருக்குவதும் அதன் குறுக்கே புகுவதும் குற்றம். கற்றுக்கொள்பவரைக் காப்பது கற்றவரின் பொறுப்பு என்று அந்நாடு கருதுகிறது. நம் நாட்டின் 'பி' ஒட்டுவில்லையைக் காணும்போது நாமும் அவ்வாறே எண்ணிப் பார்க்கலாம்.

சாலைக்கும் ஒரு மொழி உண்டு

ஒவ்வொரு நாட்டுச் சாலைக்கும் ஒரு மொழி உண்டு. அதன் எழுத்துகள் விளக்கும் ஒலிப்பானும் சைகையும் ஆகும். ஒரே எழுத்துக்கு இரு நாடுகளில் இரு வேறு பொருள் இருக்கலாம். தமிழ்நாட்டுக்குச் செல்பவர்கள், சரக்கு லாரிகளின் பின்புறத்தில் ஒலி எழுப்பச் சொல்லி எழுதியிருப்பதைக் காணலாம். அங்கு ஒலிப்பான் பெரும்பாலும் 'நான் வருகிறேன்' என்னும் அறிவிப்பு. நம் நாட்டில் அதே ஒலி பலருக்குக் கோபமாகப்படும்.

எதிரே வரும் வாகனம் விளக்கை மின்னச் செய்தால், நம் நாட்டில் 'நான் வருகிறேன், நீ வராதே' என்று பலர் பொருள் கொள்வர். பிரிட்டனில் 'நீங்கள் முதலில் செல்லுங்கள்' என்று வழிவிடவும் பலர் அவ்வாறே மின்னச் செய்வர். ஆனால், அந்நாட்டு அதிகாரபூர்வச் சாலை விதி நூலோ நாம் இருப்பதை அறிவிக்க மட்டுமே விளக்கை மின்னச் செய்யலாம் என்கிறது. இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் ஒரு நொடியில் விபத்தில் சிக்கிக்கொள்வார். ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல, அபாய விளக்கை இரண்டு மூன்று முறை மின்னச் செய்கின்றனர். நம் ஊரில் அதே நன்றியைக் கை உயர்த்திச் சொல்கிறோம். பொருள் உறுதியாகத் தெரியாத சைகையை நம்பி வாகனத்தைச் செலுத்தாமல், வேகத்தைக் குறைத்து நேரில் பார்த்து முடிவெடுப்பதே அயல்நாட்டில் பாதுகாப்பானது.

புறப்படும் முன் செய்ய வேண்டிய பணிகளும் உள்ளன. ஆசியான் நாடுகள் ஒன்றன் ஓட்டுநர் உரிமத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்வதற்கான உடன்பாடு 1985-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கையெழுத்தானது. ஜப்பான் போன்ற நாடுகளில் ஓட்டுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைப் பெற வேண்டும். செல்லும் நாட்டில் எந்தப் பக்கம் ஓட்டுகின்றனர், வேக வரம்பு எவ்வளவு, சந்திப்பில் யாருக்கு முன்னுரிமை ஆகியவற்றை முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்து களைப்போடு இறங்கியவுடன் வாகனம் ஓட்டாமல் ஓய்வெடுப்பது சிறப்பு. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் வழி சொன்னால் ஓட்டுபவரின் கவனம் சாலையிலேயே இருக்கும்.

நாளைய வாகனமோட்டிகள்

மாணவர்களே, மலேசியாவில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமமும் 17 வயதில் மகிழுந்து உரிமமும் பெறலாம். உங்களுள் சிலர் விரைவில் ஐந்தாம் கூட்டரசுச் சாலையில் ஓட்டப்போகிறீர்கள். உரிமத் தேர்வில் கோடுகளின் பொருளையும் பலகைகளின் பொருளையும் கேட்பார்கள். முன்னால் செல்லும் மனிதரின் அவசரத்தையும் அச்சத்தையும் களைப்பையும் எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு எந்தத் தேர்வும் இல்லை. அதைத் தினமும் சாலையில்தான் கற்க வேண்டும்.

'பதறாத காரியம் சிதறாது' என்பதை நம் முன்னோர் மாட்டுவண்டிக் காலத்திலேயே சொல்லி வைத்தனர். மெதுவாகப் போவது குற்றமன்று. பின்னால் காத்திருப்பவரை மறந்து போவதே குறை. விரைந்து போக விரும்புவதும் குற்றமன்று. எதிரே வருபவரின் உயிரை மறந்து விரைவதே குற்றம். ஓரமாக ஒதுங்கி வழிவிட்ட லாரி ஓட்டுநருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்லிக் கடந்து செல்லுங்கள். அந்தச் சிறு பழக்கத்தைக் கோல சிலாங்கூரில் கற்றவர், எந்த நாட்டுச் சாலைக்குப் போனாலும் நல்ல வாகனமோட்டியாகவே இருப்பார்.

கருத்துணர் கேள்விகள்

1. செம்பனை லாரிகள் மெதுவாகச் செல்வதற்கான காரணங்களைக் குறிப்பிடுக.

2. லாரியை முந்திச் செல்லக் குறைந்தது 330 மீட்டர் வெறுமையான சாலை தேவை என்பது எவ்வாறு கணக்கிடப்பட்டுள்ளது?

3. 'அந்த ஆத்திரத்தின் விலையைப் பெரும்பாலும் வேறொருவர் செலுத்துகிறார்' என்பதன் பொருளை உன் சொந்த வாக்கியத்தில் விளக்குக.

4. அயல்நாட்டில் வாகனம் ஓட்டுபவர், மெதுவாகச் செல்லும்போது பின்பற்ற வேண்டிய பண்புகள் இரண்டனை எழுதுக.

5. உன் வீட்டருகே உள்ள சாலையில் மெதுவாகச் செல்வோர் யாவர்? அவர்கள் அவ்வாறு செல்வதற்கான காரணங்களைக் குழுவாகக் கலந்துரையாடி வகுப்பில் படைத்திடுக.